கல்லுக்கு வந்த மரியாதை

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1891-ல் ஓய்வு பெற்றார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1883-ல் வந்தது. அதற்காக அவரை நினைப்பவர் இன்று யாருமில்லை. 1863-ல் பல்லாவரத்தில் குனிந்து எடுத்தாரே ஒரு கற்கோடாரி, அதற்காகத்தான் 'இந்தியத் தொல்பழங்காலத்தின் தந்தை' என்கிறார்கள். சம்பளம் வாங்கிச் செய்த வேலைக்குப் பெயரில்லை, வழியில் பொறுக்கிய கல்லுக்குப் பெயர். வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பிறகு அதே பிழைப்புக்குத்தான் வந்தேன்.

எண்பதுகளில் மேலூர்ப் பக்கம் சுத்தியலும் காம்பஸும் லென்ஸுமாக இறங்கினால், ஊரே வரவேற்கும். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. "ஐயா, நம்ம கெணத்துக்கு ஊத்து எந்தப் பக்கம் ஓடுது?"

இந்தத் துறையில் எங்களுக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். எங்களிடம் மின்தடை அளக்கும் கருவி, ஒயர் சுருள்கள், கணக்கு நோட்டு. நீரோட்டம் பார்க்கிற அவரிடம் ஒரு தேங்காய். உள்ளங்கையில் கிடத்திக்கொண்டு நடப்பார். அது எழுந்து நின்ற இடத்தில் தண்ணீர். உண்மையைச் சொன்னால், அந்தச் சமவெளியில் கடினப் பாறைக்கு மேலே மக்கிய பாறை இருக்கிறது, மழைநீர் அதில்தான் தங்கும். அக்காலத்தில் அங்கே எங்கே தோண்டினாலும் கொஞ்சமாவது கசியும். விஞ்ஞானம் அவருக்குத்தான் அதிகம் உதவியது. அவருக்கு வெற்றிலை பாக்கில் வைத்துப் பணம், எங்களுக்குப் பருத்திப்பால்.

அப்புறம் கிரானைட் காலம். மேலூர் வட்டாரத்துக் கல் வெளுப்பு, ஆங்காங்கே கார்னெட் சிவப்பு. அதைக் கடல்தாண்டி விற்றவர்கள் 'காஷ்மீர் ஒயிட்' என்றார்கள். அது காஷ்மீரைக் கண்டதுமில்லை, பாறையியல் கணக்கில் கிரானைட்டுமில்லை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை இது. வத்தலக்குண்டு அருகே கெங்குவார்பட்டிப் பாறைகள் 900 டிகிரிக்கு மேல் வெந்தவை என்று கண்டுபிடித்ததால், உலகப் புவியியலாளர்கள் அங்கே தேடி வந்து போகிறார்கள். 'மதுரை பிளாக்' என்றால் அவர்களுக்குக் கோயிலோ மல்லிகையோ அல்ல, கொடைக்கானல் மலைகளையும் சேர்த்த ஒரு பெரும் நிலத்துண்டு. வந்தவர்கள் பையளவு கல் எடுத்தார்கள். மேலூரில் கப்பலளவு போய்க்கொண்டிருந்தது.

எங்கள் மதிப்பும் ஏறியது. உளியும் ஆப்பும் போய் வைரக்கம்பி ரம்பம் வந்த காலத்தில், கல்யாண வீடுகளில் முன்வரிசை நாற்காலி. ஊற்றைக் கேட்ட ஊர் இப்போது, எந்தக் குன்றில் விரிசலில்லாத கல் இருக்கிறது என்று கேட்டது. தெரிந்தாலும் சொல்லக் கூடாத கேள்வி. சொல்லாவிட்டாலும் அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கும்.

2012-ல் மதுரை மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், சட்டவிரோதக் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று எழுதினார். அந்த ஆண்டே கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். கல்லிலிருந்து கைத்தறிக்கு. 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே ஆணையராக நியமிக்க, 2015-ல் வந்த அறிக்கையில் தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. கல்யாண வீடுகளில் "நீங்களும் அந்த வேலைதானே?" என்று சிரித்தபடியே கேட்டார்கள். நான் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டேன். பந்திக்கு அதுதான் பக்கம்.

2024 நவம்பரில் அதே மேலூர் வட்டாரத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர், அதற்குள் அரிட்டாபட்டியும். ஏழு குன்றுகள், வல்லூறுகள், பாண்டியர் குடைவரை, பிராமிக் கல்வெட்டு எல்லாம் உள்ள ஊர். 2022-ல் மாநில அரசே அந்தப் பகுதியில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. ஏலத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பையன், ஏலத்தில் முதல் ஆளாக வந்தவனுக்கும் குத்தகை கையில் கிடைத்தவனுக்கும் என்ன வித்தியாசம், கூட்டு உரிமம் என்றால் என்ன என்று தேர்வில் பதில் எழுதுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருகாலத்தில் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு கரும்பலகை வேண்டியிருந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சோலியா வந்தீங்க?"

தொழிலைச் சொன்னேன். டீ ஆற்றிய கை நின்றது. ஓய்வு பெற்றுவிட்டதையும் அவசரமாகச் சேர்த்தேன்.

"ரிட்டயர்டா? அப்பச் சரி." டம்ளர் நகர்ந்து வந்தது. "சார், போர் தொள்ளாயிரம் அடி போயும் புழுதிதான் வருது. எங்கிட்டுப் போடலாம்னு பாத்துச் சொல்லுங்க."

"தேங்காய்க்காரரைக் கேட்டீங்களா?"

"அவரு காட்டுன எடந்தான் சார் அது."