எதிர்பாராதவிதமாக

குடோன் கூரையில் ஏறியவர் விழுந்து இறந்தால் மறுநாள் பேப்பரில் எட்டாம் பக்கத்து மூலையில் ஆறு வரி வரும். 'கூரையைச் சீரமைத்துக்கொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாக சிமெண்ட் ஷீட் உடைந்து கீழே விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிரிழந்தார். போலீசார் விசாரித்து வருகின்றனர்.' ஊர்ப் பெயரும் வயதும் மாறும். மீதியை அச்சுக்கோத்தே வைத்திருப்பார்கள் போல.

எனக்கு அந்த 'எதிர்பாராதவிதமாக' மேலேதான் கண். யார் எதிர்பார்க்கவில்லை? பதினைந்து இருபது வருட வெயிலும் மழையும் தின்ற ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) ஷீட், ஆள் மிதித்தால் வளையாது; அப்பளம் மாதிரி ஒரேயடியாக உடையும். இது செய்தவனுக்குத் தெரியும், விற்றவனுக்குத் தெரியும், குடோன் முதலாளிக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர் ஏறுவதில்லை. விழ வாய்ப்புள்ள உயரத்தில் வேலை செய்கிறவருக்கு வேலி போட்டோ வேறு வகையிலோ பாதுகாப்புச் செய்ய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொன்னது. சட்டம் எப்போதோ எதிர்பார்த்தாயிற்று. எட்டாம் பக்கத்துக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இந்தத் தொழிலில் பணிப் பண்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வழிய வழிய இருக்கிறது. போன ஆண்டு ஒரு ஓட்டல் அரங்கில், கூரைத் தொழிலில் உறவும் திறனும் வளர்ப்பது பற்றிக் கூட்டம். தெரிந்தவர் அழைத்தார், போனேன். முன்வரிசையில் நாற்பது தொழிலாளர்கள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், விலை ஸ்டிக்கர் உரிக்காதது. போட்டோ எடுத்து முடிந்ததும் ஒரு பையன் சாக்குப்பையோடு வந்து ஹெல்மெட்டை எண்ணி எண்ணி வாங்கினான். ஒன்று குறைந்தது. மேடையில் 'எங்கள் தொழிலாளர் குடும்பம்' என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்க, கீழே குடும்பத்தினரை எழுப்பி நாற்காலிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது. கைதட்டலும் அதே நேரத்தில் விழுந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

பேசியவர் பெரிய காண்ட்ராக்டர். "எங்ககிட்ட முதலாளி தொழிலாளிங்கிற பேதமே கிடையாது. எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. குடும்பத்தில் யாராவது யாருக்காவது வேலை உத்தரவு கொடுப்பார்களா? மகனைக் கடைக்கு அனுப்பும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோமா? தம்பிக்கு பி.எஃப். பிடிப்போமா? அதெல்லாம் அந்நியர்களுக்கு. உறவு என்று ஆகிவிட்டால் காகிதம் எதற்கு? காகிதத்தையே விட்டாயிற்று, கயிறு எதற்கு?

"அண்ணே, பெல்ட் இருக்கா?"

"நமக்குள்ள என்ன மாப்ள பெல்ட்டு கில்ட்டு! அண்ணன் கீழதான நிக்கிறேன்."

கீழேதான் நிற்கிறார். இருபத்தைந்து அடி கீழே.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்கு மாப்ள பட்டம் கிடையாது; அவர்கள் அத்தனை பேரும் 'பாய்'. பெயர் என்ன என்று மேஸ்திரி கேட்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும்போது நர்ஸ் கேட்பார். அப்போதுதான் சட்டைப்பையில் ஆதாரைத் தேடுவார்கள்.

திறன் வளர்ப்பும் உண்டு. பாடத்திட்டம் ஒரே வரி: "போல்ட் வரிசையிலயே நட." ஜே போல்ட்டின் தலை தெரிகிற வரிசைக்கு அடியில்தான் ஷீட்டைத் தாங்கும் பர்லின் ஓடும், அதன்மேல் கால் வைத்தால் தாங்கும், இரண்டு பர்லினுக்கு நடுவில் வைத்தால் தாங்காது. பாடம் நடத்தின அன்றைக்கே பரீட்சை. தோற்றவர்களுக்கு மறுதேர்வு இல்லை. இதில் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்விகளும் வரும். மழைக்காலத்துப் பாசி போல்ட் தலையை மூடியிருக்கும். வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட ஃபைபர் ஷீட், தூசி படிந்து, ஒழுகாமலிருக்க மேலே பூசிய பெயிண்டில் மற்ற ஷீட்டோடு ஒன்றாகிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாது. பழைய கைகள் சிலர் பாதத்தாலேயே கண்டுபிடிப்பார்கள். ஒரு காலைப் பாதி பாரத்தில் வைத்து, சத்தம் கேட்டு, பிறகு மறுகால். பரதநாட்டியத்துக்கு அரங்கேற்றம் வைக்கிற ஊர், இந்த அடவுக்கு அன்றாடக் கூலி தருகிறது. ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் நடந்தால் அடவே வேண்டாம். பலகையை மேலே ஏற்ற அரைநாள் ஆகும், அரைநாள் கூலி நஷ்டம் என்பார்கள்.

விழாமல் பிழைத்தவருக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. கல்நார் ஷீட்டை கிரைண்டர் போட்டு அறுக்கும்போது வெள்ளையாகப் பறக்கிற தூசிக்குப் பாதுகாப்புக் கவசம், மூக்கில் சுற்றிய துண்டு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எப்போதோ சொன்ன முடிவு. அந்த நோய் வர இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகூட ஆகும். அதனால்தான் 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளைக் குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. நம் கூரைக்காரரைப் பற்றிய ஒரே ஆவணம், சனிக்கிழமை கூலிக் கணக்கு எழுதின சிகரெட் அட்டை. அதுவும் திங்கட்கிழமை இருக்காது.

உறவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் அளந்துவிடலாம். இருபத்தைந்து அடி விழ ஏறக்குறைய ஒன்றேகால் விநாடி. அந்த ஒன்றேகால் விநாடியில் மாப்ள, தம்பி, பங்காளி எல்லாம் அறுந்துபோகும். காண்ட்ராக்டர், "அவன் நம்ம ஆளே இல்லீங்க, மேஸ்திரி கூட்டிட்டு வந்தது" என்பார். மேஸ்திரி, "நானே கூலிக்கு வந்தவன்" என்பார். குடோன்காரர், "வேலையைத்தான் காண்ட்ராக்ட் விட்டாச்சே" என்பார். கட்டுமானத் தொழிலாளருக்கு நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லேயே வந்தது, மத்தியச் சட்டத்துக்கு 2 ஆண்டு முந்தி. கட்டடச் செலவில் 1 சதவீதம் அதற்காக வசூலாகிறது. பதிவு செய்ய 90 நாள் வேலை பார்த்தார் என்று ஒரு கையெழுத்து கேட்டால்தான் குடும்பத் தலைவருக்குப் பேனா கிடைக்காது. கையெழுத்துப் போட்டால் 'நம்ம ஆள்' என்று ஆகிவிடுமே!

பிறகு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு துக்க வீட்டுக்கு வருவார்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ, முத்திரைத்தாளில் ரேகை. கணக்கைப் பாருங்கள். இறந்தவருக்கு 40 வயது, மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் என்றால், அதற்கு மேல் எவ்வளவு வாங்கியிருந்தாலும் இழப்பீட்டுக் கணக்குக்கு 2020 முதல் 15,000தான். அதில் பாதி 7,500. அந்த வயதுக்கு அட்டவணை சொல்லும் எண் 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். இதுவே ஓர் உயிருக்கு அவமானமான தொகை. அதிலும் பத்து லட்சத்துக்கு மேல் கழித்துக்கொண்டு, மீதியைக் கருணை என்று கையில் திணிக்கிறார்கள். இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேரே கையில் கொடுத்தது இழப்பீடாகச் சேராது, உரிமையை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கிய தாள் செல்லாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்தாயிற்று. துக்க வீட்டில் அதை யார் படித்துச் சொல்வது?

காண்ட்ராக்டரை இவ்வளவு திட்டியவன் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முந்தி மொட்டைமாடியில் கலர் ஷீட் போட்டோம். மேஸ்திரி 62,000 கேட்டார். நான் அரைமணி நேரம் வாதாடி 60,000-க்கு முடித்தேன். வீட்டில் பாராட்டும் வாங்கினேன். மறுநாள் இரண்டு மாடி விளிம்பில், ரப்பர் செருப்போடு, கையில் ஸ்க்ரூ மெஷினோடு ஒரு பையன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கயிறு இல்லை. நான் என்ன செய்தேன்? "பாத்து தம்பி" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். தமிழ்நாட்டிலேயே மலிவான பாதுகாப்புச் சாதனம் அந்தப் 'பாத்து'தான். நான் மிச்சம் பிடித்த இரண்டாயிரத்தில் ஒரு பெல்ட் வந்திருக்கும். அவன் விழவில்லை. அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

அடுத்த மழைக்கு முந்தி உங்கள் மாடிக்கும் ஆள் வருவார்கள். பேரத்தை ஆரம்பிக்கும் முன்னால் கயிறும் பெல்ட்டும் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கு ஏற விடாதீர்கள். ஒருநாள் கூடுதலாக ஒழுகட்டும்.

எட்டாம் பக்கத்து நிருபருக்கும் ஒரு வேண்டுகோள். ஐயா, அடுத்த ஆறு வரி எழுதும்போது 'எதிர்பாராதவிதமாக' என்பதை அடித்துவிட்டு 'கயிறு கொடுக்காததால்' என்று போடுங்கள். இடம் பற்றிய கவலை வேண்டாம். எண்ணிப் பார்த்துவிட்டேன்: அதுவும் பத்து எழுத்து, இதுவும் பத்து எழுத்து.