பீருக்கு ஐஸ் கேட்டவன்

பன்னிரண்டு வருடம் பழுத்த பர்பன் விஸ்கியையும் பீரையும் ஜோடி சேர்த்துக் குடித்தால் எப்படி இருக்கும் என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். அதற்குமுன் ஐஸ் விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வயிறு இன்னும் எரிகிறது.

போன சனிக்கிழமை மருமகன் என்னைப் பினாங்கு லவ் லேன் பக்கம் ஒரு மதுக்கூடத்துக்கு அழைத்துப் போனான். பழைய கடைவீடு, சுவரில் பாதி சுண்ணாம்பு இல்லை. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனுக்குப் பட்டம் கொடுத்ததிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். பர்பன் வந்தது. கிளாஸை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு சதுர ஐஸ் கட்டி. அதற்குத் தனிக் காசு. பக்கத்தில் பீர்.

“தம்பி, பீருக்குக் கொஞ்சம் ஐஸ்” என்றேன், பரிமாறிய பையனிடம்.

செருப்போடு கர்ப்பகிரகத்துக்குள் நுழைந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “பீர்ல ஐஸ் போட்டா ருசி போயிடும் அங்கிள்.”

அந்த ‘அங்கிள்’ வேறு.

இது யார் போட்ட சட்டம்? வீட்டுக்கு வந்து அமெரிக்கச் சட்டத்தையே தேடிப் படித்தேன். பர்பனில் சோளம் 51 விழுக்காடாவது இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். ‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டால் இரண்டு வருடமாவது ஊறியிருக்க வேண்டும்; வெறும் பர்பனுக்கு அந்தக் கெடுவும் கிடையாது. ஐஸைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று மதுக்கூடத்தில் கிளாஸுக்குள் மூக்கை விடச் சொன்னார்கள். விட்டேன். என் மூக்கு அப்பா வழி மூக்கு, நேராக ஐஸில் போய் இடித்தது. “வெனிலா தெரியுதா?” என்றார் ருசிபார்ப்பை நடத்தியவர். நாம் எல்லாரும் எப்போதும் செய்வதைச் செய்தேன்: தலையாட்டினேன். சாராயம் குளிர்ந்தால் வாசனை அடங்கும். முகர்ந்து பார்க்கச் சொல்கிற பர்பனில் பாறாங்கல் அளவுக்கு ஐஸ் போடலாமாம், யாரும் முகராத பீரில் போடக் கூடாதாம்.

நம் வெயில் ஊர்களுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பிப் பழக்கியதே அமெரிக்கன்தான். 1833இல் பாஸ்டனிலிருந்து நான்கு மாதம் கப்பலில் படுத்து வந்த ஏரிப் பனிக்கட்டி கல்கத்தாவில் இறங்கியது. நம் குயின் தெரு மாரியம்மன் கோயில் எழுந்ததும் அதே வருடம். மெட்ராஸ் கடற்கரையில் அந்த ஐஸுக்கென்றே ஒரு வீடு கட்டினார்கள். இன்றைக்கு அதுதான் விவேகானந்தர் இல்லம். இத்தனை பாடும் வெள்ளைக்காரன் கிளாஸ் குளிர்வதற்கு. அவன் போட்டால் நாகரிகம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வியர்த்து வழிகிற நான் கேட்டால் பட்டிக்காட்டான்!

காப்பிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். பெரிய பீர் போத்தலை வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு கிண்ணம் ஐஸும் வைப்பார்கள். நடுவில் ஓட்டை உள்ள ஐஸ். சீக்கிரம் உருகும், அதற்குள் நாம் குடித்துவிடுவோம். யாரும் நம் மூக்கை விசாரிப்பதில்லை. பழுத்த பர்பனை விடுங்கள், தோட்டத்தில் தாத்தா குடித்த கள்ளுக்கு வயதே மணிக்கணக்கில்தான்; காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடு என்றார்கள். நியாயம். ஐஸை நிறுத்து என்று அவர்களும் சொல்லவில்லை.

மதுக்கூடத்து ஐஸ் பளிங்காக இருப்பதன் ரகசியத்தையும் நடத்தியவர் விளக்கினார். ஒரே பக்கமிருந்து மெதுவாக உறைய விடுவார்களாம். காற்று மறுபக்கம் ஒதுங்கிவிடுமாம். அதை அறுத்துச் செதுக்குவார்களாம். தண்ணீருக்கு இத்தனை உபசாரம். என் பீர் அதற்குள் வெந்நீர்.

பர்பனும் பீரும் ஜோடி பொருந்தியதா? “அருமை மாமா” என்றான் மருமகன். பில் கட்டியவன் அவன், வேறு என்ன சொல்வான்?

மதுக்கூட முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஐஸுக்குத் தனிக் காசு வாங்குவதென்றால், அது எத்தனை வருடம் பழுத்தது என்பதையும் பில்லில் போட்டுவிடுங்கள்.