சிவப்பு வயரின் ஜாதகம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் பாட்டுக்குக் குறைவில்லை. தலைக்கு மேலே ட்வீட்டர், ஆசனத்துக்கு அடியில் வூஃபர். அடிச்சத்தமும் கீச்சுச்சத்தமும் தாராளம். பாடகர்தான் ஆளையே காணோம்.

பொக்ஸ் பூட்டியவரைக் குறை சொல்ல முடியாது. சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்திருக்கிறார். 1.5 வோல்ட் பற்றரியைத் தொட்டு, வூஃபரின் கூம்பு முன்னே வருகிறதா என்றும் பார்த்திருக்கிறார். பத்துப் பொருத்தமும் உண்டு. கலகம் செய்வது, அடிச்சத்தத்தை வூஃபருக்கும் கீச்சுச்சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுத்து நடுவில் நிற்கும் தரகர், க்ராஸ்ஓவர்.

ஓக்டேவுக்கு 12 டெசிபல் சரியும் க்ராஸ்ஓவர், பிரிக்கும் இடத்தில் வூஃபரின் அலையை 90 பாகை பின்னே தள்ளும். ட்வீட்டரின் அலையை 90 பாகை முன்னே இழுக்கும். ஆக 180. ஒன்று தள்ள மற்றது இழுக்க, பாட்டின் சொல் விளங்கவேண்டிய இடத்திலேயே ஒரு பள்ளம். இதற்கு ட்வீட்டரின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பதே வழக்கம். 1976இல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையின் வழிவந்த 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி க்ராஸ்ஓவர் என்றால் வித்தியாசம் 360, ஒரு முழுச் சுற்று; இரண்டும் சேர்ந்தே அசையும். அங்கே மாற்றினால்தான் வம்பு. (நிறத்தை நம்புகிறவர்களுக்கு: பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பில் பிளஸ் கொடுத்தால் கூம்பு உள்ளே போகும்.)

தலதா மாளிகைப் பெரஹராவின் ‘கெட பெர’ மேளத்துக்கும் இரண்டு முகம், இரு வகைத் தோல், இரண்டு குரல். அதில் வயர் மாற்றச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

பஸ்ஸில் கேட்டாலோ, கொண்டக்டர் வொலியூமைக் கூட்டுகிறார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, அக்குறணையும் வந்துவிட்டது. பாடகர் இன்னும் ஏறவில்லை.