உருட்டினால் ஆரோக்கியம்

குன்னத்துகால் ஒருவழியாகத் திருந்துகிறது. 1956-இல் விளவங்கோடு மதராஸ் பக்கம் போக, நெய்யாற்றின்கரையோடு கேரளத்தில் தங்கிவிட்ட எல்லைக் கிராமம் இது. இத்தனை காலமும் சாயாக்கடைப் பருப்பு வடையைத் தின்றே பொழுதைக் கழித்தது. பருப்பு, சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தேங்காயெண்ணெய். கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல ஒரு லேபிளும் இல்லை. லேபிள் இல்லாத சத்து உடம்பில் ஒட்டுமா?

இனி வீட்டிலேயே குளூட்டன் இல்லாத வீகன் ஃபலாஃபெல். கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைக்காமல் கொரகொரவென்று அரைத்து, மல்லித்தழை, பூண்டு, சீரகம் சேர்த்து உருட்ட வேண்டும். வடை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வடையைத் தட்டுவார்கள், இதை உருட்டுகிறோம். விஞ்ஞானமே அங்கேதான் இருக்கிறது.

உருண்டை உதிராமலிருக்க மைதா தூவுவது மகாபாவம். அரிசிமாவு மோட்சம். குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற பட்டம் கிடையாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சாயாக்கடையில் ஒருவரும் மில்லிகிராம் கேட்டதில்லை. எப்படித்தான் உயிரோடு இருந்தார்களோ!

எண்ணெய்ச் சட்டிக்கு விடை கொடுத்து, ஏர்ஃப்ரையருக்கு மாதத் தவணை கட்டி, எல்லாம் முறைப்படி முடிந்தது. கடலை வாயுவாயிற்றே என்று கடைசியில் ஒரு சிட்டிகை பெருங்காயமும் போட்டாயிற்று.

கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு உருட்டுங்கள்.