கை கழுவிய பிறகு

1988-ல் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தபோது, எங்கள் வார்டு வாசலில் இரும்பு ஸ்டாண்டில் ஒரு எனாமல் பேசின் இருக்கும். அதில் பால் போல வெளுத்த டெட்டால் தண்ணீர். பக்கத்துக் கம்பியில் ஒரே ஒரு துண்டு. ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிலிருந்து கட்டு மாற்றுகிறவர் வரை அத்தனை பேரும் அந்தத் தண்ணீரில்தான் கை நனைப்போம், அந்தத் துண்டில்தான் துடைப்போம். பதினொரு மணிக்குள் துண்டு ஈரத்தில் கனத்துவிடும். வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-லேயே குளோரின் கரைசலில் கை கழுவவைத்துப் பிரசவ வார்டின் சாவுகளைக் குறைத்துக் காட்டியிருந்தார். நாங்களோ அத்தனை வருஷம் கழித்தும் கிருமியைத் துண்டில் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது.

ஆனால் அதே வார்டில் இன்னொன்றும் நடந்தது. மேசையில் ஒரு கறுப்புத் தொலைபேசி. வார்டு முழுவதற்கும் அது ஒன்றுதான். காலையில் டூட்டி மாறியதும் எங்கள் ஹெட் சிஸ்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, ரிசீவரைத் திருப்பி, பேசும் பக்கத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அப்புறம் டயல். அப்புறம் சுருள் வயர். “நாலு பேர் வாய் படுற இடம்மா இது” என்பார்.

இன்று கட்டிலுக்குக் கட்டில் ஹேண்ட் ரப் பாட்டில் தொங்குகிறது. எந்தெந்த ஐந்து தருணங்களில் கை சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது சுவரில் ஒட்டியிருக்கிறது. இப்போதைய நர்ஸ் பிள்ளைகளும் முறையாகத்தான் செய்கிறார்கள்; விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எதையும் விடுவதில்லை. தேய்த்து முடிக்கும்போது பாக்கெட்டில் போன் அதிர்கிறது. லேபிலிருந்து பொட்டாசியம் ரிப்போர்ட். பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்து, பதில் தட்டி, போனைத் திரும்பப் போட்டுவிட்டு, அதே கையால் ஐவி லைனைத் திறக்கிறார்கள். அரை நிமிஷம் தேய்த்ததெல்லாம் வீண்.

ஸ்டெதஸ்கோப்பும் இப்படித்தான். நோயாளியைப் பரிசோதித்த பிறகு அதன் வட்டத் தகட்டில் உள்ளங்கையைவிட அதிகக் கிருமி இருந்தது, விரல் நுனியில் மட்டும்தான் அதைவிடக் கூடுதல் என்று ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வு 2014-ல் சொன்னது. அசினெட்டோபாக்டர் மாதிரிக் கிருமிகள் காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

2017-ல் மைக்ரோபயாலஜியிலிருந்து ஒரு தம்பி வந்தார். “சிஸ்டர், போனைக் கொஞ்சம் குடுங்க.” ஈரப் பஞ்சுக் குச்சியால் திரையையும் கவரின் ஓரத்தையும் உருட்டித் துடைத்து எடுத்துப் போனார். மறுநாள் கூப்பிட்டுக் காட்டினார். கிருமி வளர்க்கிற ரத்த அகார் தட்டு, கறுஞ்சிவப்பு. அதன்மேல் கடுகளவில் வழவழவென்று பொன்னிறப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி, ரத்தம் கரைந்து தெளிந்த ஒரு வளையம்.

“ஸ்டாஃப் ஆரியஸ் கிருமி மாதிரி இருக்கு சிஸ்டர். எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு நாளைக்குத்தான் தெரியும்.”

எனக்கு மருந்து ஞாபகம் வரவில்லை. பேரன் ஞாபகம்தான் வந்தது. நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் என் போனைப் பிடுங்கி வாயில் வைக்கிற வயசு அவனுக்கு. எத்தனை நாள் கொடுத்திருக்கிறேன்! வார்டில் என் கையை நம்பிப் படுத்திருந்தவர்களுக்கு அந்தப் போனிலிருந்து என்னென்ன போயிற்றோ.

போனை வார்டில் தடை செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ்ரேயும் மருந்தளவும் அதில்தான் வருகின்றன. துடைக்கத்தான் வேண்டும், 70 சதவீத ஆல்கஹால் துடைப்பான் ஒன்று போதும். கையுறையை எண்ணிக் கொடுக்கிற நிர்வாகம் இதையும் டூட்டிக்கு இத்தனை என்று கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்து போனின் கவரைக் கழற்றினேன். உள் மூலையில் கறுப்பாக அழுக்குத் திரண்டிருந்தது. பஞ்சை நனைத்து முதலில் திரையைத் துடைத்தேன். அப்புறம் பொத்தான்கள். அப்புறம், பேசும் பக்கத்து ஓட்டைகள்.