இலைவண்டுகளின் ஊரும் உறவும்

கேள்வி: பூசணி முளைத்து இரண்டு இலை விடுவதற்குள் ஆரஞ்சு நிற வண்டுகள் சல்லடையாக்கிவிடுகின்றன. யார் இவை?
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: சிவப்பு பூசணி வண்டு. கிரைசோமெலிடே என்கிற இலைவண்டுக் குடும்பம், பேரினம் ஆலகோபோரா. குனிந்து கவனியுங்கள், அழகாக ஒரு வேலை செய்யும். முதலில் இலையில் வட்டமாக ஒரு கோடு கீறும். பிறகுதான் வட்டத்துக்குள் மேயும். செடி அனுப்பும் தற்காப்புச் சாற்றுக்கு அந்தக் கீறல் தடை. அதிகாலையில் மந்தமாக இருக்கும், கையாலேயே பிடித்துவிடலாம். இதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்கிறது. ஆகவே இலைக்கு மருந்தடிப்பதோடு நிற்காதீர்கள். காய்ப்பு ஓய்ந்ததும் நிலத்தை உழுது புரட்டிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்துப் பந்தலில் பாகலை மட்டும் பூசணி வண்டு அவ்வளவாகத் தொடுவதில்லையே?
– அலங்காநல்லூர் வாசகி

பதில்: கசப்பிலும் வகை உண்டு! பூசணி, வெள்ளரியின் குகர்பிட்டசின் இந்த வண்டுக்கு விருந்து. பாகல் இலையில் இருக்கும் மொமார்டிசின் அதன் வாயைக் கட்டிவிடும்.

கேள்வி: அமெரிக்கப் பூசணிக்கும் இதே தொல்லைதானா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: பூசணியின் பூர்வீகமே அமெரிக்காதான். ஆனால் ஆலகோபோரா ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா பக்கத்து இனம், அங்கே கிடையாது. அந்த வேலையை அங்கே டயாப்ரோட்டிகா, அகாலிம்மா என்ற பங்காளிகள் பார்க்கின்றன. மூன்றும் ஒரே துணைக்குடும்பம். நம் வெள்ளரியிலும் புடலையிலும் பழகிய வண்டு, கடல் கடந்து வந்த பூசணியையும் சேர்த்துக்கொண்டது.

கேள்வி: பார்த்தீனியத்தில் வெளிர் முதுகும் பழுப்புக் கோடுமாக ஒரு வண்டைப் பார்த்தால் கொல்லலாமா?
– மேலூர் வாசகர்

பதில்: தயவுசெய்து கொல்லாதீர்கள். அது நமக்காக உழைக்க வந்த மெக்சிகன் வண்டு, ஸைகோகிராம்மா பைகலராட்டா. அந்தப் பேரினம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. பார்த்தீனியத்தை ஒழிக்க இந்த ஒன்றை மட்டும் மெக்சிகோவிலிருந்து வரவழைத்து 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். கோடையில் மண்ணுக்குள் உறங்கி, மழையோடு எழும். சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று 1990-களில் புகார் கிளம்பி, அதைப் பரப்புவதற்குத் தடைகூட வந்தது. ஆராய்ந்த பிறகு விலக்கிக்கொண்டார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். வட அமெரிக்காவில் இந்த வண்டின் உறவு ஒன்று சூரியகாந்தியையே தின்கிறது.

கேள்வி: கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டும் இலைவண்டா?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: இல்லை, அது பொறிவண்டுக் குடும்பம். அசுவினியைத் தின்னும் நல்ல பொறிவண்டின் முதுகு பளபளக்கும். கத்தரி வண்டு மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். சந்தேகமென்றால் இலையைத் திருப்புங்கள்: உடம்பெல்லாம் முள்ளாக மஞ்சள் புழு இருந்தால் கத்தரி வண்டேதான்.