சிவசிவா சார்

தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். உலகின் எந்த மூலையில் எந்த அக்கிரமம் நடந்தாலும் முதலில் பார்த்துவிட்டு, "சிவசிவா" என்று கண்ணை மூடிக்கொண்டு, மூடிய கண்ணோடே நாற்பது பேருக்கு அனுப்பிவைப்பவர். எங்கள் தெருவில் அவர் சிவசிவா சார். 2005இல் வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் துப்பாக்கியையே தண்டாக வைத்து மேசைவிளக்கு செய்தாரே, அதைக்கூட இவர்தான் எனக்குக் காட்டினார். இல்லாவிட்டால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்த முறை பென்சில். நடீன் ஜார்விஸ் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர், தகனம் செய்த மனிதச் சாம்பலின் கரியைக் கொண்டு பென்சில் செய்யலாம் என்று காட்டியிருக்கிறார். ஒருவருக்குச் சராசரியாக 240 பென்சில். ஒவ்வொன்றிலும் போனவர் பெயர்.

"இதெல்லாம் ஒரு கலையா சார்? நாக்கைப் பிடுங்கிக்கலாம்" என்றார். பிடுங்கிக்கொள்ளவில்லை; படத்தைப் பெரிதாக்கினார். "240 சராசரிதானாம். எங்க மச்சினர் உடம்புக்கு முந்நூறு தேறும்."

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் குறுக்கிட்டார்: "தகனச் சாம்பல்ல பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்தான். கரியில பெரும்பகுதி அப்பவே புகையாப் போயிடுமே?" சாருக்கு முகம் சுண்டிவிட்டது. பொங்கிவரும் கோபத்தில் ரசாயனத்தைக் கலப்பது அவருக்குப் பிடிக்காது. "அப்ப சரியா எழுதாதா?" என்று வாங்கப்போகிறவர்களுக்காகவும் ஒரு கணம் கவலைப்பட்டார்.

பிறகு சாஸ்திரச் சந்தேகங்கள். ஆயுத பூஜையன்று இதற்குச் சந்தனம் வைப்பதா, எள்ளும் தண்ணீரும் விடுவதா? பள்ளிக்கூடத்துப் பையன் இரவல் கேட்டால் தாத்தாவைக் கொடுக்கலாமா? கடித்துத் தொலைப்பானே!

என்னைக் கேட்டால், பென்சில் அல்ல, சீவல்தான் ஆளை உலுக்குகிறது. பென்சில்கள் வரும் பெட்டியிலேயே சீவும் கருவி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு பென்சிலைத்தான் வெளியே எடுக்க முடியும். சீவியது பெட்டிக்குள்ளேயே விழும். பென்சில்கள் குறையக் குறையச் சீவல் ஏறி, கடைசியில் பெட்டியே அஸ்திக் கலசமாகிவிடும். கெட்டிக்காரப் பெண்மணி. திட்ட வருகிறவனையும் உட்கார்ந்து யோசிக்க வைக்கிற வேலை.

இதைச் சொன்னதும் சார் சற்று அடங்கினார். "அப்ப அந்தச் சீவலை எங்க கரைக்கிறது?" என்றார். சிவசிவா காணாமல் போயிருந்தது.

காபியோடு வந்த அவர் மனைவி, "இவரை மட்டும் பென்சிலாக்கிடாதீங்க. மளிகைச் சீட்டு எழுதி முடிக்கறதுக்குள்ள நாலு தடவை முனை ஒடியும்" என்றார்.

சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை மறுபடி பெரிதாக்கினார்.

"ஹெச்பியா இருந்தா வேண்டாம் சார். எழுத்து வெளுத்துத் தெரியும். 2பி கிடைக்குமான்னு பாருங்க."